நான் விழுங்கிய வரி

எட்டு வருஷம் நானும் என் கணவரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் காபி கொடுத்துச் சமாதானம் ஆகிற சண்டையைச் சொல்லவில்லை. 1954-ல் நின்ற பேச்சு 1962-ல் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வரை நின்றே கிடந்தது. நிறுத்தியவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைப் படிக்கிற உங்களில் பல பேர், பாவம் ஆரோக்கியமேரி என்ன பாடுபட்டாளோ என்று எனக்காக உச்சுக்கொட்டத் தயாராக இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் வீடு திருச்சி பாலக்கரையில், மாதா கோவில் மணி கேட்கிற தூரத்தில் இருக்கிறது. நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். இவருக்கு ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலை. இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதவும் கை வரவில்லை. இவர் என்றே சொல்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், பிலோமினா. கூட என் மாமியாரும் இருந்தார்கள்.

1950-ல் இவரை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். மகளின் படிப்பு, என் வேலை என்று நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். முதலில் சனிக்கிழமைதோறும் வந்தார். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார் என்று அந்தப் பக்கம் போய் வந்த ஒருவர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு முப்பது வயது. காலையில் கண் விழித்தால், ஏன்தான் விழித்தோமோ என்று இருக்கும். கோவிலுக்குப் போனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு அன்று துணை நின்றது என் மாமியார்தான். "அவன் வந்தா வாசப்படி ஏற விடாத. நான் உன் பக்கம்தான்டி" என்று பெற்ற மகனைத் திட்டுவார்கள். திட்டிவிட்டு, ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்காக அழுவார்கள்.

1953 ஜூனில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று நாள் கிடந்தார்கள். வாய் கோணிப்போயிருந்தாலும் பேச்சு புரிந்தது. கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அவனுக்குச் சொல்லி விட்டியா?"

"தந்தி கொடுத்தாச்சு அத்தை. வந்துகிட்டே இருக்காங்க" என்றேன்.

கொடுக்கவில்லை. இவர் எழுதிய கார்டு ஒன்று வீட்டில் இருந்தது, அதில் விழுப்புரத்து விலாசம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தந்தி ஆபீசுக்குப் போகத் தயாராக நின்றார்கள். விலாசம் தெரியாது என்று அவர்களிடமும் சொன்னேன். இவர் வந்து தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ, அதை ஊரே பார்த்து இரக்கப்பட, நான் காபி போட்டுக் கொடுக்க வேண்டுமா? அழுகிற உரிமையைக்கூட இவருக்குக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். மாமியார் வாசலைப் பார்த்தபடியே உயிரை விட்டார்கள். அந்தக் கண்ணை நான்தான் மூடினேன்.

மறுநாள் அடக்கம் செய்தோம். இவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது ஒரு மாதம் கழித்து, யார் மூலமாகவோ.

1954-ல் இவர் திரும்பி வந்தார். அந்தப் பெண்ணோடு இருந்த தொடர்பு முடிந்துவிட்டது, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பங்குச் சாமியார் என்னை அழைத்துச் சொன்னார். சாமியார் அறையில் இவர் சுவர் ஓரமாக, வேலை கேட்டு வந்தவரைப் போல நின்றுகொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"நான் செஞ்சது தப்புதான் ஆரோக்கியம். என்னை மன்னிச்சு ஏத்துக்க" என்றார்.

நான் சாமியாரைப் பார்த்துப் பேசினேன். "பிள்ளைக்கு அப்பா வேணும் சாமி. வீட்டுல இருக்கட்டும், சோறு போடுறேன். ஆனா நான் பேச மாட்டேன்."

"ஒரு மாசம் போனா சரியாயிடும்மா" என்றார் சாமியார். என்னைச் சரியாகத் தெரியாது அவருக்கு.

பேசாமல் குடும்பம் நடத்துவது ஒன்றும் கஷ்டமில்லை, அதையும் சொல்கிறேன். பழகிவிடும். நடுவில் பிலோமினா இருந்தாள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்ட நான் இன்னைக்கு லேட்டா வருவேன்னு சொல்லும்மா." ஒன்பது வயதில் ஆரம்பித்தவள் பதினைந்து வயதில் ஒரு நாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ரெண்டடி தூரத்துல உக்காந்திருக்கீங்க. நான் என்ன தபால்காரரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் மறுபடி தபால்காரரானாள்.

ஆனால் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் எங்கள் குரல்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டன. ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை நம் வீடுகளில் எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் முதல் பாதியை ஆரம்பிப்பார், மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். எங்கள் வீட்டில் ஆண்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது மாமியார் காலத்து வழக்கம். அதனால் இவர் ஆரம்பிப்பார், நானும் மகளும் முடிப்போம். வெளியில் கேட்பவர்கள், எவ்வளவு ஒற்றுமையான குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். அப்படி நினைத்த ஒருவர் என்னை மாதா சபைக்குத் தலைவியாகவும் ஆக்கிவிட்டார்.

பரலோக மந்திரத்தில்தான் எனக்குத் தகராறு. அதில் ஆரம்பிப்பவருக்குக் கிடைப்பது பிதாவைப் புகழ்கிற பாதி. முடிப்பவருக்குக் கிடைப்பது கேட்கிற பாதி. முதலில் அன்றாட உணவைக் கேட்போம். அடுத்து, பிறர் நமக்குச் செய்த தீமையை நாம் பொறுப்பது போல நம் பாவத்தையும் பொறுக்கச் சொல்லிக் கேட்போம். அந்த உணவு வரை கணீரென்று சொல்வேன். அடுத்த வரி வந்ததும் எனக்கு இருமல் வரும். முந்தானை நழுவும். மெழுகுவர்த்தித் திரி கோணலாகத் தெரியும், அதை நிமிர்த்துவேன். சோதனையைப் பற்றிய வரி வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வேன். நடுவில் மகளின் குரல் மட்டும் அந்த வரியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு ஜெபமாலையில் ஆறு பரலோக மந்திரம். தினமும் ஆறு தடவை அந்த வரியை விழுங்கினேன். பொய் சொல்லக் கூடாது, அதனால் சொல்லவில்லை என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். கட்டிலில் கிடந்தவரிடம் சொன்ன பொய்யை என்ன செய்தேன் என்று கேளுங்கள். எட்டு வருஷத்தில் எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறேன். கோபப்பட்டேன் சாமி, புறணி பேசினேன் சாமி என்பேன். தந்தியைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியார் நவநாள் செய்வேன். என் மன்றாட்டு ஒன்றுதான். இவர் என்னிடம் செய்த துரோகம் இவர் நெஞ்சைச் சுட வேண்டும், என் காலடியில் விழுந்து அழ வேண்டும். ஒன்பது வாரம் முடிந்தால் மறுபடி ஒன்பது வாரம். புனிதருக்கே அலுத்திருக்கும்.

1961 மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் வழக்கம் போலக் கூட்டம் நெரிந்தது. டிக்கெட் ஜன்னலில் நாள் பூராவும் கத்திக் கத்தி இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பொங்கல் போனது, தொண்டை சரியாகவில்லை. தவசு காலம் வந்தது, ஜெபத்தில் இவர் குரல் இன்னும் தேய்ந்துகொண்டு வந்தது. எனக்குக் கேட்டது. கேட்டும் கேட்காதவள் போல மறுபாதியைச் சொல்லி முடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் ஒருவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய நாமம். இவரோடு அதே ஸ்டேஷனில் வேலை பார்க்கிற வரதன் என்று சொன்னார்.

"அம்மா, நான் இப்படி வந்து நிக்கறது தப்பா இருந்தா மன்னிச்சுக்கணும். ஞானம் சார் ஆத்துல சொல்லியிருக்க மாட்டார்னு தோணித்து. ஜன்னல்ல ஊர் பேரைத் திருப்பிச் சொல்ல முடியல அவரால. கையைக் காட்டறார். டாக்டர் தொண்டையில கட்டிங்கறா. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும். குரல் திரும்பி வருமான்னு சொல்றதுக்கில்லைங்கறா. அது என்ன கட்டின்னும் அறுத்தாதான் தெரியுமாம்."

நான் பள்ளிக்கூடக் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பயப்படாதீங்கோ. நானும் தாயார் சன்னதியில வேண்டிண்டிருக்கேன். நீங்க உங்க மாதாகிட்ட கேளுங்கோ. யார் கேட்டாலும் சரி, அவருக்கு ஒண்ணும் ஆகப்படாது."

யாரோ ஒருவர் என் கணவருக்காக அவர் தெய்வத்திடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். நான் எட்டு வருஷமாக நவநாள் செய்து என்ன கேட்டுக்கொண்டிருந்தேன்? எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை கோவிலுக்குப் போனேன். பழைய மன்றாட்டு வாயில் வரவில்லை. முழங்காலில் இருந்தபடி யோசித்தேன். அந்தக் குரல் போய்விட்டால் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் யார் ஆரம்பிப்பார்கள்? பிலோமினா நாளைக்குக் கல்யாணமாகிப் போய்விடுவாள். பிறகு நான் யாருக்குப் பதில் சொல்வேன்? இவரோடு பேசவில்லை, பேசவில்லை என்று இருந்தேனே, இத்தனை வருஷமும் தினம் நான் பேசியது இவரோடுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. "மாதாவே, அவங்க குரலைக் கொடு. உசுரைக் கொடு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்று அழுதேன். கேட்டு முடித்ததும் வாசலைப் பார்த்துக் கிடந்த மாமியாரின் கண் என் முன்னால் வந்து நின்றது. சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்தது. சொல்லத் தைரியமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். நான் கேட்டது கிடைக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி. மூவரும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டோம். மறுநாள் ஆஸ்பத்திரி. இவர் ஜெபமாலையைக் கையில் எடுத்தார், ஆரம்பிக்கவில்லை. மகளின் பக்கம் திரும்பி, காற்றாகிப் போன குரலில் சொன்னார்.

"இன்னைக்கு அம்மாவை ஆரம்பிக்கச் சொல்லும்மா. நான் மறுபாதியைச் சொல்றேன்."

பிலோமினா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் நடக்காத விஷயம். குரல் கஷ்டம் என்பதால் கேட்கிறார் என்று நினைத்தேன். சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்தேன். பரலோக மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். இவர் எடுத்தார். உணவு கேட்கிற வரியைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றார். எச்சில் கூட்டி விழுங்கினார். தீமை செய்தவர்களைப் பொறுக்கிற அந்த வரியை ஒவ்வொரு வார்த்தையாக, இருந்த குரலையெல்லாம் திரட்டி, என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். மகள் இவரோடு சேர்ந்து சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

நான் பாதிக்கப்பட்டவள் என்று எட்டு வருஷம் இருந்த வீட்டில், இவர் எதைப் பொறுக்கிறார்? யாரைப் பொறுக்கிறார்? அடுத்த மணியை உருட்ட முடியவில்லை. திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு நான் இவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அத்தைக்கு முடியாம இருந்தப்ப நான் தந்தி கொடுக்கல. விலாசம் இருந்துச்சு. கொடுத்துட்டேன்னு அவங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

"எப்ப?"

"வந்த வாரமே. அம்மாவோட ஜெபப் புத்தகத்துக்குள்ள நான் போட்ட கார்டு இருந்துச்சு. நீதான் விலாசம் இல்லைன்னு சொன்னதா பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"ஏன் கேக்கல? ஒரு அறை விட்டிருக்கலாமே!"

"நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு உன்னைக் கேக்குறது ஆரோக்கியம்? நீ அந்த வரியைச் சொல்லாம விடுறது எனக்குத் தினமும் கேக்கும். உனக்காக நான் மனசுக்குள்ள சொல்லிக்குவேன். நாளைக்குக் குரல் போயிடுச்சுன்னா... ஒரு தடவையாவது வாய் விட்டு உனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு."

நான் வாய் விட்டு அழுதேன். இவர் என் காலடியில் விழுந்து அழ வேண்டும் என்றுதானே கேட்டிருந்தேன். விழுந்து கிடந்தது நான். பிலோமினா எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இனி அவள் தபால் கொண்டுபோக வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க, முதல் பத்து மணியை நீங்க ஆரம்பிங்க" என்றேன். ஆரம்பித்தார். மறுபாதி எனக்கு வந்தது. அன்று எனக்கு இருமல் வரவில்லை. அந்த வரியை முழுசாகச் சொன்னேன். சொல்லும்போது விழுப்புரம் நினைவுக்கு வந்தது, அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள், வலித்தது. வலித்தபடியே சொன்னேன். ஐந்து பத்து மணிகளையும் மாற்றி மாற்றிச் சொல்லி முடித்தபோது சாதம் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலைப் பூசைக்கு முன்னால் தந்தியைப் பற்றிச் சாமியாரிடம் சொல்லிப் பாவமன்னிப்புப் பெற்றேன். அதன் பிறகு இவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் நடந்தபோது வராந்தாவில் ஒரு பக்கம் நானும் மகளும் ஜெபமாலையோடு, இன்னொரு பக்கம் வரதன் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டு. எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் டாக்டர், "கெட்ட கட்டி இல்லம்மா, தைரியமா இருங்க" என்றார். ஆனால் ஒரு மாதம் இவர் வாயைத் திறக்கக் கூடாது, அதற்குப் பிறகுதான் குரல் உண்டா இல்லையா என்று தெரியும் என்றும் சொன்னார்.

ஆண்டவருடைய வேலையைப் பாருங்கள். நான் பேசத் தயாரானபோது இவர் பேசக் கூடாது! கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்தோம். அந்த ஒரு மாதத்தில் எட்டு வருஷப் பேச்சையும் நான் பேசித் தீர்த்தேன். மகள் பெரிய மனுஷியானது, என் தம்பி கல்யாணம், மாமியார் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள், எல்லாவற்றையும். விழுப்புரத்தைப் பற்றியும் கேட்டேன், கோபப்பட்டேன், திட்டினேன். இவர் சிலேட்டில் எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். ஒரு நாள் "கொஞ்சம் மூச்சு விடு" என்று எழுதிக் காட்டினார்.

ஒரு மாதம் முடிந்தது. டாக்டர் பேசிப் பார்க்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் முயன்றார், வெறும் காற்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாளும் அப்படியே. அந்த இரண்டு நாளும் நான் மாதாவிடம் சொன்னதெல்லாம், "கொடுத்தாலும் உனக்கு நன்றி, கொடுக்காவிட்டாலும் உனக்கு நன்றி" என்பதுதான். மூன்றாம் நாள் மத்தியானம் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தார்.

"உப்பு பத்தல."

தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு குரல். கரண்டியைப் போட்டுவிட்டு நான் அடுப்படியிலேயே முழங்காலிட்டுவிட்டேன். பிலோமினா தெருவுக்கு ஓடி, "அப்பா பேசிட்டாங்க! அப்பா பேசிட்டாங்க!" என்று கத்தினாள். உண்மையிலேயே அன்று குழம்பில் உப்புக் குறைவுதான்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முதன்முறையாகச் சேர்ந்து போனோம். அதுவரை இவர் விடியற்காலையில் தனியாகப் போய்விடுவார். நானும் மகளும் போகும்போது மாமியார் கல்லறையில் பூ ஏற்கெனவே இருக்கும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு என் பூவை வைப்பேன். அந்த முறை ஒரே மாலையாகக் கட்டி எடுத்துப் போனோம். ஜெபப் புத்தகத்தில் இருந்த கார்டையும் எடுத்துப் போயிருந்தேன். அதைக் கல்லறைமேல் வைத்து, "அத்தை, உங்க மகன் வந்துட்டாங்க. நான்தான் லேட்டா கூட்டிட்டு வந்தேன்" என்றேன். இவர் என் தோளில் கையை வைத்தார்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. பிலோமினா கல்யாணமாகிப் போய்விட்டாள். ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேர்தான். ஜெபமாலையின் பத்து மணிகளுக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஆரம்பிக்கிறோம், அந்த வரி இருவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. இதென்ன புது வழக்கம் என்று சபையில் கேட்டார்கள். அன்று சிரித்து மழுப்பினேன். இன்று சொல்லிவிட்டேன்.

பிரியமானவர்களே, இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலும் ஜெபமாலை சொல்வீர்கள். அந்த வரி வரும்போது யாருக்காவது இருமல் வந்தால், அவர்களைக் குறை சொல்லாதீர்கள், நானும் அந்த இருமல் இருமியவள். உங்களுக்கே வந்தால், அங்கேயே நின்று மாதாவிடம் கேளுங்கள். நான் கேட்டது இவருடைய குரலை. அவள் அதோடு சேர்த்து என் குரலையும் திருப்பிக் கொடுத்தாள். உங்களுக்கும் கொடுப்பாள், நம்புங்கள். இப்போது மணி ஆறே முக்கால். உள்ளேயிருந்து தகரக் குரலில் என்னைக் கூப்பிடுகிறார். இன்று முதலில் ஆரம்பிக்கிற முறை இவருடையது, மறுபாதி என்னுடையது. போய் முழங்காலிட வேண்டும்.